டிஜிட்டல் மீடியாவில் முதுகலை: கடைசி செமஸ்டரைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்

டிகிரி முடித்த கையோடு "டிஜிட்டல் மீடியாவில் பி.ஜி. பண்ணலாமா, அதற்கு என்னென்ன வேண்டும்?" என்று கேட்கிறவர்களை நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இப்போது நிறையப் பார்க்க முடிகிறது. கேள்வி பெரும்பாலும் அட்மிஷனோடு நின்றுவிடும். எத்தனை சதவீதம் வேண்டும், என்ன நுழைவுத்தேர்வு, ஃபீஸ் எவ்வளவு. இவை பட்டத்துக்கான தேவைகளில் முதல் அடுக்கு மட்டும்தான். சேர்ந்த பிறகு நான்கு செமஸ்டரைக் கடக்கத் தேவையானவை இரண்டாம் அடுக்கு. ஆய்வேடு, ப்ராஜெக்ட், வைவா என்று பட்டத்தோடு வெளியே வரத் தேவையானவை மூன்றாம் அடுக்கு. ஆட்கள் மாட்டிக்கொள்வது இந்த மூன்றாவதில்தான். ஆகவே ஒரு கல்லூரியின் பாடத்திட்டம் கையில் கிடைத்தால் முதலில் நான்காம் செமஸ்டர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடைசியில் உங்களிடம் என்ன கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், நடுவில் எதைக் கற்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'டிஜிட்டல் மீடியா' என்ற பெயரிலேயே எல்லா இடத்திலும் பட்டம் இருக்காது. ஏறக்குறைய அதே பாடங்கள் எம்.ஏ. இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல், எம்.எஸ்ஸி. விஷுவல் கம்யூனிகேஷன், எம்.எஸ்ஸி. எலெக்ட்ரானிக் மீடியா என்ற பெயர்களில் நடக்கும். எம்.ஏ. என்றால் எழுத்தும் ஆய்வும் கூடுதல், எம்.எஸ்ஸி. என்றால் லேப் மணிநேரம் கூடுதல் என்று தோராயமாகக் கொள்ளலாம். வடிவமைப்புப் பக்கம் போகிறவர்களுக்கு எம்.டெஸ். என்ற தனிப் பாதை உண்டு. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (என்.ஐ.டி.) காந்திநகர் வளாகத்தில் உள்ள நியூ மீடியா டிசைன் அந்த வகை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. புதுச்சேரி பல்கலைக்கழகமும் திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் மத்திய அரசின் கீழ் வருபவை.

பெயரைவிட முக்கியம், பட்டத்தை யார் தருகிறார்கள் என்பது. பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) சட்டம் 22ஆம் பிரிவின்படி பல்கலைக்கழகங்களும் அந்த உரிமை பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்க முடியும். ஊருக்குள் உள்ள அனிமேஷன், எடிட்டிங் சென்டர்கள் தொழிலை நன்றாகவே சொல்லித்தரலாம். ஆனால் அங்கே கிடைக்கும் 'பி.ஜி. டிப்ளமா' முதுகலைப் பட்டத்துக்குச் சமம் என்று பேச்சுவாக்கில் சொன்னால் நம்ப வேண்டாம். தொலைநிலைப் படிப்பு என்றால் அந்தப் பாடத்துக்கு, அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உள்ளே போக

தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு இளங்கலை, அதன்மேல் இரண்டாண்டு முதுகலை என்பதே நடைமுறை. பொதுவாக இளங்கலையில் 50 சதவீதம் கேட்பார்கள், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. எம்.ஏ.வுக்குப் பெரும்பாலும் எந்தப் பட்டமும் போதும். எம்.எஸ்ஸி. விஸ்காமுக்குச் சில கல்லூரிகள் அதே பாடத்தில் இளங்கலை கேட்கும். பி.காம். முடித்தவர் இதைக் கவனிக்காமல் விண்ணப்பக் கட்டணத்தை இழப்பது அடிக்கடி நடக்கிறது. கடைசி ஆண்டு படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் குறிப்பிட்ட தேதிக்குள் அரியர் இல்லாத மதிப்பெண் பட்டியலைக் காட்டியாக வேண்டும். தவறினால் கிடைத்த இடம் போய்விடும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யூ.இ.டி. பி.ஜி. தேர்வு. 2025இல் 75 கேள்விகள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழிவு, நேரம் 90 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் 12 விநாடிதான். தவறுக்கு மதிப்பெண் கழிவதால் ஊகித்து எழுதும் பழக்கத்தை முன்கூட்டியே விட்டுவிடுங்கள். ஐ.ஐ.டி. போன்ற இடங்களின் எம்.டெஸ்.ஸுக்கு ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் சீட் (CEED) தேர்வு மூன்று மணி நேரம். என்.ஐ.டி.க்குத் தனித் தேர்வு. சீட் தேர்வின் இரண்டாம் பகுதியில் கையால் வரைய வேண்டும். மென்பொருள் தெரிந்தால் போதும் என்று போகிறவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள்.

சான்றிதழ் விஷயத்தில் எல்லையோர மாவட்டத்துக்காரர்களுக்குத் தனித் தலைவலி. திருவனந்தபுரத்தில் இளங்கலை முடித்துவிட்டு இங்கே முதுகலை சேர்பவர் மாற்றுச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்றிதழ் ஆகியவற்றோடு மைக்ரேஷன் சான்றிதழையும் கொண்டுவர வேண்டும். இங்குள்ள பல்கலைக்கழகத்திடம் தகுதிச் சான்றிதழும் வாங்க வேண்டியிருக்கும். இங்கே படித்துவிட்டு அங்கே சேர்பவரிடம் உங்கள் பட்டம் தங்கள் பட்டத்துக்குச் சமம் என்ற சான்றைக் கேட்பார்கள். தமிழ்நாட்டு வகுப்புச் சான்றிதழை வைத்துக் கேரளத்தில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது. மத்திய நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயர் அல்ல என்ற குறிப்போடு தனியாக வாங்க வேண்டும். அதையும் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பார்கள். இங்கே பி.சி., எம்.பி.சி. என்று இருப்பவர்கள் தங்கள் சாதிப் பெயர் மத்தியப் பட்டியலிலும் அதே எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இ-சேவை மையத்துக்குப் போவது நல்லது.

இன்னொரு தவறான எதிர்பார்ப்பையும் சொல்லிவிட வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் முதுகலைக்குத் தொடராது. வீட்டுக் கணக்கில் அந்தத் தொகையை எழுதி வைத்திருந்தால் அடித்துவிடுங்கள்.

போர்ட்ஃபோலியோ கேட்கும் இடங்களில் 60 முதல் 90 விநாடிக்குள் ஒரு ஷோரீலும் (உங்கள் நல்ல காட்சிகளின் தொகுப்பு) நான்கைந்து முழு வேலைகளும் போதும். ஒவ்வொன்றின் கீழும் அதில் உங்கள் பங்கு என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். கேமரா நான், எடிட்டிங் நண்பர் என்றால் அப்படியே எழுதலாம், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. எல்லாமே நான்தான் என்று எழுதிவிட்டு, எந்த லென்ஸ் என்று கேட்டால் விழிப்பதுதான் கெடுக்கும்.

நான்கு செமஸ்டர்

கிரெடிட் என்பது மதிப்பெண் அல்ல, உழைப்பு நேரத்தின் அளவு. யூ.ஜி.சி. கணக்கில் வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் 1 கிரெடிட். லேப் என்றால் அதே 1 கிரெடிட்டுக்கு வாரம் இரண்டு மணி நேரம். 15 வார செமஸ்டரில் 4 கிரெடிட் தியரிப் பாடம் 60 மணி நேரம், 4 கிரெடிட் எடிட்டிங் லேப் 120 மணி நேரம். இரண்டாண்டு முதுகலைக்கு மொத்தம் 80 முதல் 90 சொச்சம் கிரெடிட் வரும். நான்கால் வகுத்தால் செமஸ்டருக்கு 20க்கு மேல். சம்பாதித்த கிரெடிட்டுகள் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்ற மத்தியக் கணக்கில் ஏறும். அதற்கான 12 இலக்க எண்ணை ஆதாரில் உள்ள பெயர் எழுத்துப்படியே எடுத்துவையுங்கள். இனிஷியல் முன்னா பின்னா என்ற சண்டையில் மதிப்பெண் ஏறாமல் நின்றுவிடும்.

பல பல்கலைக்கழகங்களில் தியரிப் பாடத்துக்கு இன்டெர்னல் 25, எக்ஸ்டெர்னல் 75. முதுகலையில் தேர்ச்சிக்கு 50. இளங்கலையின் 40ஐ மனத்தில் வைத்துப் படித்தால் முதல் செமஸ்டரிலேயே அரியர் விழும். எக்ஸ்டெர்னலிலும் தனியாகப் பாதி வேண்டும் என்ற விதி உள்ள இடத்தில், இன்டெர்னலில் 25க்கு 25 வாங்கியவரும் 75க்கு 38 எடுத்தாக வேண்டும். இதற்கு மேல் ஒரு கோடு உண்டு. உதவிப் பேராசிரியர் ஆவதற்கான யூ.ஜி.சி. நெட் தகுதித் தேர்வை எழுத முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி பிரிவுகளுக்கு 50. 'மக்கள் தொடர்பியல் மற்றும் இதழியல்' பாடத்துக்கு நெட் எண் 63. பட்டம் 54 சதவீதத்தில் முடிந்தால் அது பட்டம்தான், ஆனால் பொதுப்பிரிவினருக்கு அந்தக் கதவு மூடிவிடும்.

வருகைப்பதிவு 75 சதவீதம். 90 வேலை நாளில் 68 நாள் இருந்தாக வேண்டும், விடுப்புக்கு 22 நாள்தான். 65 முதல் 75 வரை உள்ளவர்கள் மருத்துவச் சான்றோடு, குறைந்த வருகையை மன்னிப்பதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதப் பல இடங்களில் விடுவார்கள். அதற்குக் கீழே போனால் சிக்கல். இதில் வேடிக்கை, பதிவு குறைந்து நிற்பவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள் இல்லை, வகுப்பிலேயே கேமரா நன்றாகப் பிடிப்பவர்கள். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம், தவக்காலம் முடிந்து ஈஸ்டர் கழிந்ததும் தேவாலயக் கல்யாணங்கள் என்று ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். ஈஸ்டருக்குப் பிந்தைய வாரங்களில்தான் இரட்டைப்படை செமஸ்டரின் தேர்வும் ப்ராஜெக்ட் ஒப்படைப்பும் வரும். கல்யாண ஆல்பத்தில் வரும் பணம் ஃபீஸுக்கு உதவும் என்பது சரிதான். மாதத்துக்கு எத்தனை ஆர்டர் என்று முதலிலேயே ஒரு எண் வைத்துக்கொண்டால் இரண்டும் ஓடும்.

கணினிக்கு 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் போதுமானது. எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பும் அனிமேஷனுக்குப் பிளெண்டரும் முதுகலை ப்ராஜெக்டுக்குத் தாராளம். சந்தா கட்ட முடியவில்லை என்று திருட்டு மென்பொருளுக்குப் போக வேண்டியதில்லை.

ஆய்வேடு: தலைப்பைச் சுருக்குவது

நான்காம் செமஸ்டரில் இரண்டில் ஒன்று இருக்கும்: எழுத்து ஆய்வேடு, அல்லது ஒரு படைப்பும் அதற்கான விளக்க அறிக்கையும். சில இடங்களில் இரண்டும் கேட்பார்கள். இரண்டுக்கும் பொதுவான முதல் கோளாறு, தலைப்பு அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பது.

'சமூக ஊடகங்களின் தாக்கம்' என்பது தலைப்பே இல்லை. அதை எப்படிச் சுருக்குவது என்று நம் கடற்கரையையே வைத்துப் பார்க்கலாம். 'மீனவர்களும் சமூக ஊடகங்களும்' என்றால் கொஞ்சம் குறைந்தது. 'கடல் எச்சரிக்கையும் வாட்ஸ்அப்பும்' என்றால் இன்னும் குறைந்தது. '2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு வள்ளவிளை, சின்னத்துறை ஆழ்கடல் மீனவர் குடும்பங்கள் கடல் எச்சரிக்கைகளை வாட்ஸ்அப் குழுக்களில் எப்படிச் சரிபார்க்கின்றன' என்று வரும்போதுதான் நான்கு மாதத்தில் முடிக்கக்கூடிய வேலையாகிறது. இடம் உண்டு, ஆட்கள் உண்டு, எந்தச் செயல் என்பதும் உண்டு. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் அலை எச்சரிக்கை ஊர்க் குழுவுக்கு வந்து சேர்ந்த நேரம், யார் அனுப்பினார், அடுத்து என்ன பேசினார்கள் என்று தேடி எடுக்கக்கூடிய தரவும் உண்டு.

அடுத்து, காலண்டர். தூத்தூர்ப் பகுதி ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்கும். பிப்ரவரியில் பேட்டி எடுக்கலாம் என்று போய் நின்றால் வீட்டில் பெண்களும் வயதானவர்களும்தான் இருப்பார்கள். கிறிஸ்துமஸ் சமயம், மீன்பிடித் தடைக்காலம் ஆகியவைதான் ஆட்கள் ஊரில் இருக்கும் நேரம். அந்தத் தடைக்காலமும் நம் மாவட்டத்தில் இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மேற்குக் கரைத் தடை தொடங்கும்போது உங்கள் ஆய்வேடு ஒப்படைத்து முடிந்திருக்க வேண்டும். ஆக, இந்தத் தலைப்புக்கு மூன்றாம் செமஸ்டரிலேயே கேள்விகள் தயாராகி, டிசம்பர் கடைசி வாரம் களத்துக்குப் போயாக வேண்டும். தலைப்பு முடிவாக ஜனவரி வரை காத்திருந்தால் அந்த வாய்ப்பு போயிற்று.

மாதிரி எடுப்பதில் ஒரு பழைய நோய் இருக்கிறது. 384 பேரிடம் கேட்டால் சரி என்ற எண்ணை எங்கிருந்தோ பிடித்துக்கொள்கிறார்கள். பெரிய மக்கள்தொகையில் 95 சதவீத நம்பகத்துக்கும் 5 சதவீதப் பிழைக்கும் வரும் எண் அது. ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்திருந்தால்தான் அதற்கு அர்த்தம். கூகுள் ஃபார்மை கல்லூரி நண்பர்கள் குழுவில் போட்டு 384 பதில் வாங்கிவிட்டு 'ரேண்டம் சாம்ப்ளிங்' என்று எழுதினால், வைவாவில் முதல் கேள்வி அங்கேதான் விழும். அதற்குப் பதில் 15 பேரை நேரில் ஆழமாகப் பேட்டி எடுத்து, அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நேர்மையாக எழுதுவது வலுவான ஆய்வு. ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் ஆகும். தானியங்கி எழுத்தாக்கம் கடற்கரைப் பேச்சிலும் விளவங்கோட்டுத் தமிழிலும் தடுமாறும், நீங்களே கேட்டுத் திருத்தத்தான் வேண்டும். ஒப்புதலைப் பேட்டிக்கு முன்பே எழுத்திலோ பதிவிலோ வாங்குங்கள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டில் பெயரும் எண்ணும் மறைக்கப்பட வேண்டும்.

காப்பியடிப்பதற்கு 2018ஆம் ஆண்டு யூ.ஜி.சி. விதிமுறை தெளிவான படிகள் வைத்திருக்கிறது. ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு ஒப்படைக்கவே தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துப் போட்டால் மென்பொருள் பிடிக்காது என்று சிலருக்கு ஒரு தைரியம். மென்பொருள் பிடிக்காமல் போகலாம், அந்தக் கட்டுரையைப் படித்த தேர்வாளர் பிடிப்பார்.

படைப்பு: கெடுவது பெரும்பாலும் ஒலியில்

காணொளி ப்ராஜெக்டில் படம் சுமாராக இருந்தால் மன்னித்துவிடுவார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஒரு பேட்டி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். காற்றாலையை அங்கே நட்டிருக்கும் காரணமே உங்களுக்கு எதிரி. மைக்கின் மேல் காற்று நேராக அடிக்கும்போது 'குபு குபு' என்ற தாழ்ந்த அதிர்வு எழுந்து குரலை விழுங்கும். மைக்கோடு வரும் பஞ்சு உறை இந்தக் காற்றுக்குப் போதாது, முடி வைத்த ஃபர் உறை வேண்டும். பேசுபவரைச் சுவர் மறைவிலோ, நிறுத்தியிருக்கும் வண்டியின் காற்றுப்படாத பக்கத்திலோ நிறுத்துங்கள். பின்னால் தூரத்தில் காற்றாலை தெரிந்தால் போதும். ரெக்கார்டரில் தாழ்ந்த ஒலியை வடிகட்டும் லோ-கட்டை 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். குரலின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் நடுவில் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியை எடிட்டிங்கில் முழுமையாக மீட்க முடியாது. கிளம்பும் முன் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதியுங்கள். வெட்டுகளுக்கு நடுவே ஒலி அறுந்து கேட்காமல் இருக்க அது தேவைப்படும்.

செல்போனில் எடுத்தால் ஃபிரேம் எண்ணிக்கை ஒரே சீராக இருக்காது. தனி மைக்கில் பதிந்த ஒலியோடு சேர்த்தால், ஆரம்பத்தில் பொருந்திய உதட்டசைவு போகப்போக விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' ஆக மாற்றிவிட்டு எடிட்டிங்குக்குக் கொண்டுபோங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் உள்ளரங்கில் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் விளக்குகள் படபடப்பது குறையும்.

அனுமதியை மறந்துவிடாதீர்கள். பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். படப்பிடிப்புக்கு நம் மாவட்ட அலுவலகத்தில் கடிதம் கொடுத்துப் பயன் இல்லை, கல்லூரிக் கடிதத்தோடு அவர்களிடம் கேட்க வேண்டும். திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும். ட்ரோன் ஏற்றுமுன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் தடை உள்ள சிவப்பா, தடையற்ற பச்சையா என்று பாருங்கள். பின்னணிக்குச் சினிமாப் பாட்டை எடுத்துப் போடாதீர்கள். வகுப்பில் காட்டும்வரை தெரியாது, யூடியூபிலோ விழாவிலோ போட்டதும் படமே முடங்கும்.

வெளிநாட்டுக் கனவு உள்ளவர்களுக்குச் சுருக்கமாக: பிரிட்டனில் முதுகலை ஓராண்டு, 180 கிரெடிட், அதில் பெரும்பாலும் 60 ஆய்வேட்டுக்கு. அமெரிக்காவில் வழக்கமாக 30 முதல் 36 கிரெடிட். எண்ணிக்கை குறைவு என்று மகிழ வேண்டாம், கிரெடிட்டை அளக்கும் முறையே வேறு. சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 16 ஆண்டுக் கல்வி கேட்கும். நம் பன்னிரண்டும் மூன்றும் சேர்ந்தால் 15தான் வரும், இங்கே முதுகலையில் ஓராண்டாவது படித்திருந்தால் அந்த இடைவெளி நிரம்பும்.

வைவா நாளில்

தேர்வாளர் முழுப் படத்தையும் பார்ப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். எடிட்டிங் டைம்லைனைத் திறக்கச் சொல்வார், ஒரு வெட்டைக் காட்டி "ஏன் இங்கே வெட்டினீங்க?" என்பார். அந்த நேரத்தில் திரை முழுக்கச் சிவப்பாக 'மீடியா ஆஃப்லைன்' என்று வந்தால், ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் பென் டிரைவில் போட்டுவிட்டு மூலக் காட்சிகளை வீட்டுக் கணினியிலேயே விட்டுவந்தீர்கள் என்று பொருள். ப்ராஜெக்டோடு மூலக் காட்சிகள், ஒலி, எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்துக் கொண்டுபோங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய தலைப்பு கல்லூரிக் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், ஆகவே தமிழை யூனிகோடில் மட்டும் அடியுங்கள். ஃபோட்டோஷாப்பில் 'கொ' உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நின்றால், டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றிவிட்டு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். சப்டைட்டில் கோப்பை யூ.டி.எஃப்-8 ஆகச் சேமிக்காவிட்டால் வரிக்கு வரி கேள்விக்குறிதான் வரும்.

இறுதிக் கோப்பு எச்.264, 1080பி. 12 மெகாபிட் வேகத்தில் 10 நிமிடப் படம் 900 எம்.பி. வரும், சாதாரணப் பென் டிரைவே போதும். மூலக் காட்சிகள் அப்படி இல்லை, பேட்டி ஒன்றே 4 ஜி.பி.யைத் தாண்டும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆன டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. 'கோப்பு மிகப் பெரியது' என்ற மாதிரி ஒரு செய்தி வரும், டிரைவிலோ பாதி காலியாக இருக்கும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிவிட்டால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பது அத்தனையும் அழியும் என்பதால் அதை முந்தைய நாளே, காலி டிரைவில் செய்துவைத்துவிடுங்கள்.